கைவேலை அலங்காரம்: விரியாத காகித வட்டம், விழும் தோரணம், வெடிக்கும் உப்பு மாவு

வெண்தாள்:

வணக்கம். விசேஷ நாட்களுக்காகக் கூடத்தின் ஒரு சுவரையும் ஒரு ஜன்னலையும் கையால் செய்தவற்றை மட்டுமே வைத்து அலங்கரிக்க வேண்டும். சுவர் 3 மீட்டர் அகலம். குறைந்தது பத்து நாள் நிற்க வேண்டும். எடுத்து வைத்து அடுத்த விசேஷத்துக்கும் பயன்படுத்த முடிந்தால் இன்னும் நல்லது. கையில் இருப்பவை: 80 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைக் குறிக்கும் அளவு) ஏ4 தாள், கலர் சார்ட், டிஷ்யூ பேப்பர், வெள்ளைப் பசை, ஸ்டேப்ளர், பருத்தி நூல், மாஸ்கிங் டேப்.

தெரிய வேண்டியவை:

விசிறி போல மடித்துச் செய்யும் காகித வட்டம் ஏன் முழு வட்டமாக விரிவதில்லை? விரிந்தாலும் நடுப்பகுதி ஏன் மேலே எழும்பிக்கொள்கிறது?

தோரணத்துக்கு எவ்வளவு நீளம் கணக்கிட வேண்டும்? இரண்டாம் நாளே விழாமல், பெயிண்டும் உரியாமல் எப்படி ஒட்டுவது?

உப்பு மாவு வில்லைகள் வெடிக்காமல் இருக்க அளவு என்ன?

பலூன் மேல் நூல் சுற்றிச் செய்யும் உருண்டை, பலூனை எடுத்ததும் அமுங்கிவிடுகிறது. எதனால்?

ஆறேழு வயதுக் குழந்தைகள் செய்யக்கூடியதும் ஒன்றிரண்டு சொல்லுங்கள்.

*

விசிறிமடிப்பு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். இதில் தொண்ணூறு சதவீதம் கணக்குதான், கைத்திறமை கொஞ்சம் போதும்.

விசிறியாக மடிக்கும் தாள் பட்டையின் அகலம்தான் விரிந்த வட்டத்தின் ஆரம். வட்டத்தின் வெளி விளிம்பு ஆரத்தைப் போல 6.28 மடங்கு. மடிப்புகள் மேடும் பள்ளமுமாக நிற்க அதற்கு மேலும் தாள் வேண்டும். எனவே பட்டையின் நீளம் அகலத்தைப் போல 8 மடங்கு இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் வட்டம் தட்டையாக அமராமல் கூம்பாக நிற்கும், அல்லது ஒட்டிய இடம் பிய்ந்துகொள்ளும். நீங்கள் சொல்வது இதுதான்.

ஏ4 தாளின் அளவு 21 × 29.7 செ.மீ. அதை நீளவாக்கில் மூன்றாக வெட்டினால் 7 செ.மீ. அகலப் பட்டைகள் மூன்று கிடைக்கும். 7 × 8 = 56. இரண்டு பட்டைகளை ஒட்டி, இணைப்புக்கும் முடிவுக்கும் ஒவ்வொரு செ.மீ. விட்டால் 57.4 செ.மீ. மிஞ்சும், அது போதும். ஆக இரண்டு ஏ4 தாளில் 14 செ.மீ. விட்டமுள்ள வட்டங்கள் மூன்று. பெரிது வேண்டுமா? ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி அதில் மூன்று பட்டைகளை இணைத்தால் 21 செ.மீ. வட்டம். முழுத் தாள்களையே குறுகிய பக்கத்தோடு குறுகிய பக்கம் சேர்த்து ஆறு ஒட்டினால் 42 செ.மீ. வட்டம். இந்த மூன்று அளவும் கலந்து வைத்தால் ஒரு சுவர் நிறைந்துவிடும்.

மடிப்பு அகலம்: சிறியதற்கு 1.5 செ.மீ., நடுத்தரத்துக்கு 2, பெரியதற்கு 2.5 முதல் 3. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மடிக்க வேண்டியதில்லை. முதல் மடிப்பைச் சரியாக அளந்துவிட்டு, மற்றவற்றை அதன் மேலேயே அடுக்கி மடித்துப் போனால் போதும். ஆனால் நான்கைந்து மடிப்புக்கு ஒரு முறை பக்கவாட்டு விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். அரை மி.மீ. சாய்வு கூட முப்பது மடிப்பில் ஒன்றரை செ.மீ. ஆகிவிடும். பட்டைகளை இணைக்கும்போது மேட்டு மடிப்பை அடுத்து மேட்டு மடிப்பு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்பின் பள்ளத்துக்குள் இணைப்பை ஒளித்தால் வெளியே தெரியாது.

நடுப்பகுதி எழும்புவதற்குக் காரணம், எல்லா மடிப்பும் நடுவில் நெருக்கியடித்து ஒன்றையொன்று தள்ளுவது. ஒரு துளிப் பசை அந்த விசையைத் தாங்காது. செய்ய வேண்டியது இது: வளையமாக ஒட்டுவதற்கு முன்பே, உள்பக்க விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே எல்லா மடிப்பையும் சேர்த்து ஊசியால் துளைத்து நூல் கோத்துவிடுங்கள். வளையமாக ஒட்டிய பிறகு நூலை இறுக்கி முடிச்சுப் போட்டால் நடு தானாகக் குவியும். பிறகு பின்பக்கம் 5 செ.மீ., முன்பக்கம் 4 செ.மீ. சார்ட் வில்லைகளை ஒட்டி, மேலே கனமான புத்தகம். வெள்ளைப் பசையென்றால் ஒரு மணி நேரம் கை வைக்காதீர்கள். க்ளூ கன் இருந்தால் இரண்டு நிமிடம்.

சார்ட்டில் செய்யும்போது மடிப்பு ஓரத்தில் வெள்ளையாக வெடிப்பதும் உண்டு. காகிதத்துக்கு இழை ஓடும் திசை இருக்கிறது. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் இழை முறியும். எந்தத் திசை என்று தெரிய, தாளை இரு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது உருளையின் அச்சு எந்தப் பக்கமோ, அதுதான் இழையின் திசை. கிழித்துப் பார்த்தாலும் இழையோடு நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகப் போகும். 80 ஜிஎஸ்எம் தாளில் இது பெரிய விஷயமில்லை. 150க்கு மேல் போனால், மடிப்புக்கோடு இழைக்கு இணையாக வரும்படி பட்டையை வெட்டுங்கள். அப்படி வெட்ட இடமில்லை என்றால் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு கோட்டையும் அழுத்திக் கீறிவிட்டு மடியுங்கள்.

நிறம் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் மலிவாகத் தெரிகிறது என்பது என் கருத்து. ஒரே வடிவம் பதினைந்து இருந்தால் அழகு. பதினைந்து வடிவம் ஒவ்வொன்று இருந்தால் சந்தைக்கடை.

*

கயிறும்டேப்பும்:

மேலே சொன்ன கணக்கைப் போலவே தோரணத்துக்கும் ஒன்று உண்டு. பலரும் தொய்வுக்காகத் தேவைக்கு மேல் நீளம் விட்டுவிடுகிறார்கள், பிறகு அது தரையைத் தொடுகிறது. தொய்வைத் தன்னாலேயே பெருக்கி, அதை 8ஆல் பெருக்கி, அகலத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் கூடுதலாகத் தேவைப்படும் நீளம் கிட்டத்தட்ட வந்துவிடும். 3 மீட்டர் அகலத்தில் 30 செ.மீ. தொய்வு வேண்டுமென்றால் கூடுதல் வெறும் 8 செ.மீ. தான். 60 செ.மீ. தொய்வுக்கு 32 செ.மீ. உங்கள் சுவருக்கு நடுவில் ஒரு பிடி கொடுத்து 1.5 மீட்டர் வீதம் இரண்டு வளைவாக, ஒவ்வொன்றும் 30 செ.மீ. தொய்வோடு விட்டால் மொத்தம் 3.32 மீட்டர். இரு முனையிலும் கட்ட 15 செ.மீ. தனியாக விடுங்கள்.

குழந்தைகளுக்கு ஏற்றது இதில்தான் இருக்கிறது: காகிதச் சங்கிலி. ஏ4 தாளின் குறுகிய பக்கத்துக்கு இணையாக 2.5 செ.மீ. பட்டைகள் வெட்டினால் ஒரு தாளுக்கு 11, ஒவ்வொன்றும் 21 செ.மீ. நீளம். 1.5 செ.மீ. ஏற்றி ஒட்டினால் சுமார் 6 செ.மீ. வளையம். ஒரு மீட்டருக்கு 16 வளையம் வரும், உங்கள் 3.32 மீட்டருக்கு 53, அதாவது ஐந்து தாள். பட்டையைக் குறுக்கே வெட்டச் சொல்வதற்குக் காரணம் விசிறிமடிப்பு சொன்ன அதே இழைத் திசை. பெரும்பாலான ஏ4 தாளில் இழை நீளவாக்கில் ஓடும். குறுக்கே வெட்டிய பட்டை வட்டமாகச் சுருளும், நெடுக்கே வெட்டியது கோணல் முட்டையாக நிற்கும். ஒட்டுவதற்குப் பசைக்குச்சி போதும். வெள்ளைப் பசையைக் குழந்தைகளிடம் கொடுத்தால் தாள் ஊறிச் சுருங்கும், ஒவ்வொரு வளையத்தையும் அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டும். ஸ்டேப்ளர் வேகமானது, ஆனால் பின்னின் கூர்முனை உள்பக்கம் வருவதை யாராவது கவனிக்க வேண்டும்.

இனி ஒட்டுவது. டேப் சறுக்கு விசையை நன்றாகத் தாங்கும், உரிக்கும் விசையைத் தாங்காது. எடை டேப்புக்கு இணையாகக் கீழே இழுத்தால் நாள் கணக்கில் நிற்கும். கூரையில் ஒட்டி நேர் கீழே தொங்கவிட்டால் ஓரத்திலிருந்து உரிந்துகொண்டே வரும். ஆகவே கூரையில் ஒட்டாதீர்கள். சுவரின் மேல் பகுதியில் ஒட்டுங்கள். நூலை டேப்புக்குக் கீழே நேராக விடாமல், டேப்பைத் தாண்டி மேலே கொண்டுபோய் மடக்கித் திருப்பி, அதன் மேல் இன்னொரு டேப்பைக் குறுக்காகப் போடுங்கள். நூல் வழுக்கி வெளியே வருவது இதனால் நிற்கும். பாதி நேரம் டேப் உரிவதே இல்லை, நூல்தான் நழுவுகிறது.

ஒட்டும் முன் அந்த இடத்தை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டும் சுவரில் எந்த டேப்பும் நிற்காது. அங்கே கதவுச் சட்டம், திரைச்சீலைக் கம்பி, ஜன்னல் கம்பி, ஏற்கெனவே இருக்கும் ஆணி இவற்றுக்கு இடையில் ஒரு நைலான் நரம்பை இழுத்துக் கட்டிவிட்டு எல்லாவற்றையும் அதில் மாட்டுங்கள். இதுவே எல்லாச் சுவருக்கும் சிறந்த வழி என்பேன். ஒரே நரம்பு, இரண்டே கட்டு, பத்து நாள் கழித்து இரண்டு முடிச்சை அவிழ்த்தால் வேலை முடிந்தது.

கனமான வட்டங்களுக்கு இருபக்க டேப் தேவைப்பட்டால், முதலில் சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் இருபக்க டேப்பை ஒட்டுங்கள். சுவரைத் தொடுவது மாஸ்கிங் டேப் மட்டுமே. எடுக்கும்போது தலை உலர்த்தியால் அரை நிமிடம் சூடு காட்டி, சுவரோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். நேராக வெளியே இழுத்தால் பெயிண்ட் வரும். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரென்றால் ஒரு மாதமாவது போகட்டும்.

ஒற்றை நூலில் தொங்குவது காற்றுக்குச் சுழன்று முறுக்கிக்கொள்ளும். முகம் தெரிய வேண்டிய உருவங்களுக்கு இரண்டு நூல். மின்விசிறிக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் எதையும் தொங்கவிட வேண்டாம்.

*

மாவுக்கட்டி:

உப்பு மாவு: மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப். அதற்கு மேல் தண்ணீர் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்பூனாக. கையில் ஒட்டுகிறது என்றால் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது. கல் உப்பு போட்டால் மேற்பரப்பில் குழி விழும். பேக்கிங் பவுடர் கலந்து வரும் மாவு வேண்டாம், உப்பிவிடும்.

பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, மூடி இருபது நிமிடம் வையுங்கள். தேய்க்கும்போது இரண்டு பக்கமும் 5 மி.மீ. கனமுள்ள குச்சிகளை வைத்து அவற்றின் மேல் உருளை ஓடும்படி செய்தால் ஒரே கனம் வரும். வெடிப்பதற்கு முதல் காரணமே கனம் ஒரே மாதிரி இல்லாததுதான்: மெல்லிய பகுதி முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த பகுதி இன்னும் ஈரமாக இருக்கும், நடுவில் கீறல் விழும். இரண்டாவது காரணம் அதிகச் சூடு. ஓவனில் 100 டிகிரி செல்சியஸ், இரண்டரை முதல் மூன்று மணி நேரம், பாதியில் திருப்பிப் போடுங்கள். 150இல் வைத்து ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம் என்று நினைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி உப்பும். வெந்ததும் வெளியே எடுக்காமல் ஓவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள்.

தொங்கவிடும் துளையை ஸ்ட்ராவால் போடலாம். ஓரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி இருக்கட்டும், அதைவிட நெருக்கமாகப் போட்டால் மாட்டும்போது உடையும். மேலே சொன்ன அளவுக்கு 6 செ.மீ. வில்லைகள் சுமார் 30 வரும். மேலே ஏதாவது ஒட்டி உருவம் செய்வதானால், ஒட்டும் இரு இடத்தையும் ஊசியால் கீறித் தண்ணீர் தொட்டு அழுத்த வேண்டும். சும்மா வைத்தால் காய்ந்ததும் உதிரும்.

முக்கியமானது கடைசியில். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நன்றாகக் காய்ந்த வில்லை கூட மழைக்காலத்தில் வியர்த்து மென்மையாகும். அக்ரிலிக் நிறம் காய்ந்ததும் வார்னிஷ் இரண்டு கோட், முன், பின், ஓரம், துளையின் உள்பக்கம் என எல்லா இடத்திலும் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கத்து வழியாக ஈரம் போய் உள்ளிருந்தே நிறம் உரியும். வார்னிஷுக்குப் பதில் வெள்ளைப் பசை தடவலாம் என்று சொல்வார்கள். அது தண்ணீர் பட்டால் இளகும், நம்ப வேண்டாம்.

வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். அவ்வளவு உப்பை நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து.

*

வெண்தாள்:

விவரமான பதில்களுக்கு நன்றி. மாவுக்கட்டி, என்னிடம் ஓவன் இல்லை. வெயிலில் காயவைத்தால் போதுமா? வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்றால் வேறு வழி உண்டா? உப்பு மாவு பழுப்பாகத்தானே வரும்?

*

மாவுக்கட்டி:

நேர் வெயில் வேண்டாம். மேல் தோல் மட்டும் வேகமாகக் காய்ந்து இறுகும், அடியில் ஈரம் நிற்கும், விளைவு அதே கீறல்தான். முதல் இரண்டு நாள் காற்றோட்டமான நிழலில் வைத்து, பிறகு வெயிலில் வைக்கலாம். தட்டில் வைக்காமல் வலைத் தட்டியில் வையுங்கள், அடிப்பக்கமும் மூச்சு விடட்டும். தினம் இரண்டு முறை திருப்ப வேண்டும். 5 மி.மீ. கனத்துக்கு நான்கைந்து நாள் ஆகும். உலர்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

வெள்ளைக்கு வேறு கலவை: சமையல் சோடா 2 கப், சோள மாவு (கார்ன்ஃப்ளார்) 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். அடுப்பில் நடுத்தரத் தீயில் விடாமல் கிளறினால் முதலில் பால் போல இருக்கும், பிறகு சட்டென்று திரண்டு உருண்டையாகும். அந்த நிமிடமே இறக்கிவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் உதிரியாகி, தேய்க்கும்போது ஓரம் பிளக்கும். ஈரத்துணி போர்த்தி ஆறவிட்டு, நன்றாகப் பிசைந்து, 4 மி.மீ. கனத்தில் தேய்த்து வெட்டுங்கள். அறை வெப்பத்திலேயே ஒன்றிரண்டு நாளில் காயும், ஓவன் தேவையே இல்லை. உப்பு மாவைவிட மழமழப்பாக வரும், இலைகளை வைத்து அழுத்தினால் நரம்பு கூடப் பதியும். குறை என்னவென்றால் கீழே விழுந்தால் உப்பு மாவைவிடச் சீக்கிரம் உடையும். எனக்கு இதுதான் பிடித்தது, குழந்தைகள் கைக்கு உப்பு மாவு.

*

நூல்கண்டு:

நூல் உருண்டைக்கு வருகிறேன். அமுங்குவதற்கு மூன்று காரணங்கள் உண்டு, பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

ஒன்று, நூல் குறைவு. 20 செ.மீ. உருண்டையின் சுற்றளவு 63 செ.மீ. குறைந்தது 70 சுற்று வேண்டும், அதாவது 45 மீட்டர் நூல். எல்லாத் திசையிலும் குறுக்கு நெடுக்காகப் போக வேண்டும். ஒரே துருவம் வழியாகவே சுற்றிக்கொண்டிருந்தால் இடுப்புப் பகுதி பலவீனமாகும். உள்ளங்கை அளவு வெற்றிடம் எங்கேயும் இருக்கக் கூடாது.

இரண்டு, பசை நீர்த்துப்போனது. வெள்ளைப் பசை 3 பங்கு, தண்ணீர் 1 பங்கு. அதற்கு மேல் தண்ணீர் சேர்த்தால் நூல் நனையும், ஆனால் காய்ந்தால் விறைக்காது. பருத்தி அல்லது சணல் நூல் பசையைக் குடிக்கும். நைலானும் பாலியஸ்டரும் குடிக்காது, அவற்றை இதற்கு எடுக்கவே வேண்டாம். நூலைப் பசைக் கிண்ணத்துக்குள் போட்டு ஊறவைத்தால் சிக்காகிவிடும். பசை டப்பாவின் பக்கவாட்டில் ஊசியால் துளையிட்டு, நூலை அதன் வழியே இழுத்துக்கொண்டே சுற்றுங்கள். துளை அதிகப் பசையை வழித்துவிடும்.

மூன்று, பலூன். உச்ச அளவுக்கு ஊதாதீர்கள், முக்கால் போதும். முடிச்சு இறுக்கமாக இல்லாவிட்டால் இரவுக்குள் காற்று கொஞ்சம் இறங்கும், ஈர நூல் அதோடு உள்ளே போய் குழி விழும். வெயிலில் வைத்தால் எதிர்மாறு: காற்று விரிந்து நூல்களை விலக்கும், சாயங்காலம் சுருங்கும்போது அவை பழைய இடத்துக்குத் திரும்பாது. ஒரே வெப்பத்தில் இருக்கும் அறையில், கயிற்றில் தொங்கவிட்டு 24 மணி நேரம், ஈரக் காற்றென்றால் 48 மணி நேரம் காயட்டும்.

பலூனை ஊசியால் குத்தி வெடிக்கவிடுவது வேடிக்கை, ஆனால் அப்போதுதான் பாதி உருண்டைகள் நசுங்குகின்றன. முதலில் மழுங்கிய பென்சிலை இடைவெளிகளில் விட்டுப் பலூன் தோலை நூலிலிருந்து சுற்றிலும் தள்ளிவிடுங்கள். பட் பட்டென்று விடுபடும் சத்தம் கேட்கும். பிறகு முடிச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே சின்னதாக வெட்டிக் காற்றை மெல்ல இறக்குங்கள். சுற்றும் முன்பே பலூனில் வாசலைன் மெல்லியதாகத் தடவியிருந்தால் இது சுலபம். தடிமனாகத் தடவினால் நூல் வழுக்கும், மேலும் காய்ந்த பிறகு எண்ணெய்க் கறை தெரியும்.

உள்ளே விளக்கு வைப்பதானால் எல்இடி மட்டும். இந்த உருண்டைக்குள் மெழுகுவர்த்தி வைக்கவே கூடாது. தீப்பற்றாத விளக்குக்கூடு வேண்டுமென்றால் தகர டப்பாதான். டப்பாவில் மேலே 2 செ.மீ. விட்டுத் தண்ணீர் நிரப்பி, கட்டியாக உறையவைத்து, அதன் பிறகு ஆணியால் துளையிடுங்கள். உள்ளே பனிக்கட்டி முட்டுக் கொடுப்பதால் டப்பா நசுங்காது. தண்ணீர் உறையும்போது அடித்தட்டு கொஞ்சம் வீங்கும், பிறகு உள்ளே தள்ளித் தட்டிச் சரிசெய்யலாம். துளைகளின் உள்முனை கூர்மையாக இருக்கும், கையை விட்டுத் துடைக்காதீர்கள்.

*

ஜன்னல்நட்சத்திரம்:

ஜன்னலை எல்லாரும் விட்டுவிட்டார்கள். டிஷ்யூ பேப்பர் கையில் இருக்கிறது அல்லவா, அதற்கு மிகச் சரியானது எட்டு முனை நட்சத்திரம். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடங்கள் அடர் நிறமாகவும், மற்றவை வெளிர் நிறமாகவும் தெரியும். ஒரே நிறத் தாளில் மூன்று நான்கு சாயல் கிடைக்கும்.

10 செ.மீ. சதுரங்கள் எட்டு. ஒவ்வொன்றையும் மூலைவிட்டமாக மடித்துப் பிரியுங்கள். ஒரு முனையிலிருந்து கிளம்பும் இரு ஓரங்களையும் அந்த நடுக்கோட்டில் வந்து சேரும்படி மடித்தால் பட்டம் போன்ற வடிவம் வரும். கூர்முனை வெளியே, மடிக்காத சதுர மூலை நட்சத்திரத்தின் நடுவே. இரண்டாவது துண்டின் ஓரம் முதல் துண்டின் நடுக்கோட்டில் பொருந்தும்படி வைத்து ஒட்டுங்கள். இப்படியே எட்டும் போனால் சுற்று முழுமையாகும், எட்டாவதின் பாதி முதலாவதின் அடியில் நுழையும். விட்டம் 28 செ.மீ. வரும்.

பசைக்குச்சியால் புள்ளி வைத்தால் போதும். பட்டையாகத் தடவினால் அந்த இடமெல்லாம் வெளிச்சத்தில் கறையாகத் தெரியும். மடிப்புகள் பிரிந்து நிற்காமல் இருக்க அவற்றின் அடியிலும் ஒரு புள்ளி. கடைசியில் துண்டு சேராமல் இடைவெளி விழுந்தால், சதுரம் சரியான சதுரமாக இல்லை என்று பொருள். ஒரு மி.மீ. பிழை எட்டு முறை சேர்கிறது. எட்டுத் தாளையும் அடுக்கி நான்கு ஓரத்திலும் பின் அடித்துவிட்டு, உள்ளே கட்டரால் ஒரேயடியாக வெட்டுவது நல்லது.

கண்ணாடியில் ஒட்ட இருபக்க டேப்பின் அரை செ.மீ. துண்டு நான்கு. க்ளூ கன் வேண்டாம்: வழுவழுப்பான கண்ணாடியை அது பிடிக்காது, வெயில் நேராக விழும் ஜன்னலில் இளகவும் செய்யும். குளிர்ந்த காலையில் கண்ணாடியில் ஈரம் படிந்தால் டிஷ்யூவின் சாயம் இறங்கும். க்ரேப் பேப்பர் இன்னும் மோசம். அப்படிப்பட்ட ஜன்னலில் கண்ணாடிக்கு ஒரு விரல் தள்ளி நூலில் தொங்கவிடுங்கள். கலர்த் தாள் வெயிலில் வெளுப்பதைத் தடுக்க வழியில்லை. சிவப்பும் ஊதாவும் முதலில் போகும், வெள்ளை நட்சத்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை.

குழந்தைகளுக்கு இதே தாளில் பூப்பந்து. டிஷ்யூ 8 தாள், 50 × 35 செ.மீ. அளவில் அடுக்கி, நீளப் பக்கத்தின் போக்கில் 3 செ.மீ. விசிறி மடிப்பு மடித்துப்போனால் 35 செ.மீ. நீளப் பட்டை கிடைக்கும். நடுவில் மெல்லிய கம்பியால் கட்டி, இரு முனையையும் அரைவட்டமாக வெட்டி, மேல் தாளிலிருந்து ஒவ்வொன்றாக நடுவை நோக்கி இழுத்துப் பிரிக்க வேண்டும். கம்பியை ரொம்ப இறுக்கினால் தாள் நடுவில் கிழியும். நுனியைப் பிடித்து இழுத்தால் கிழியும், அடியில் பிடித்தே இழுக்கச் சொல்லுங்கள். விட்டம் சுமார் 35 செ.மீ.

*

கயிறும்டேப்பும்:

ஒரு சேர்க்கை. எல்இடி சரங்களில் சில நாணய வடிவ பேட்டரியில் ஓடும். சின்னக் குழந்தை அதை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். திருகாணி போட்டு மூடும் பெட்டி உள்ளதை மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் பென்சில் பேட்டரி வகை.

*

வெண்தாள்:

கடைசிக் கேள்வி. விசிறி வட்டங்களை எடுத்து வைப்பது எப்படி? தட்டையாக அடுக்கினால் நசுங்காதா?

*

விசிறிமடிப்பு:

நடு வில்லை ஒட்டிய வட்டத்தை மீண்டும் விசிறியாக மடக்க முடியாது. எடுத்து வைக்கும் எண்ணம் இருந்தால் ஒட்டும்போதே இரண்டு முனைகளையும் பசையால் இணைக்காமல் இரண்டு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். வில்லைகளையும் ஒட்டாமல், நூலை முடிச்சுக்குப் பதில் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள். சுவரில் வைக்கும்போது முன் வில்லையை மட்டும் இருபக்க டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம். பத்து நாள் கழித்துக் கிளிப்பை எடுத்து, நூலைத் தளர்த்தினால் பட்டை பழையபடி விசிறியாக மடங்கும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஓரம் வெட்டுப்படும், நாளாக ரப்பர் உருகித் தாளில் ஒட்டும். அகலமான காகிதப் பட்டையால் சுற்றி, ஈரம் படாத பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஏற்கெனவே ஒட்டி முடித்த வட்டங்களானால் நூலில் வரிசையாகக் கோத்து அலமாரிக்குள் தொங்கவிடுவதுதான் ஒரே வழி.